காலைத் தராசு

குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் விடிந்ததும் நடக்கும் வேலைகளில் ஒன்று எடை பார்ப்பது. செவிலியர் கண்ணாடிப் பெட்டியின் பக்கக் கதவைத் திறக்கிறார். குழாயும் ஒயரும் சிக்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழந்தையைத் தராசில் கிடத்துகிறார். 845 கிராம். நேற்று 840. வெளியே காத்திருக்கும் தாயிடம் "அஞ்சு கிராம் ஏறியிருக்கும்மா" என்று சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி சர்க்கரை. அந்த ஒரு தேக்கரண்டிக்காக ஒரு குடும்பமே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்.

பால் ஒட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எடை பார்க்கிறார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறில்லை. ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைப் படித்த பிறகு அந்த எண் வேறு மாதிரித் தெரிகிறது. குழந்தையின் ரத்தத்தில் ஓடும் ஒரு புரதத்தின் ஏற்ற இறக்கத்தையும் அந்தத் தராசு சேர்த்துக் காட்டுகிறது. புரதம் குறைந்தால் எடை ஏறாது. எடை ஏறாத அதே வாரங்களில் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முன்னேறாமல் நின்றுவிடும், மூளையின் வளர்ச்சி மந்தமாகும். எடை நிற்பதை எவரும் பார்க்கலாம். மற்ற இரண்டும் மறைவில் நடப்பவை.

அந்தப் புரதத்தின் பெயர் கொஞ்சம் நீளம்: இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1. ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக ஐ.ஜி.எஃப்-1 என்பார்கள். அது பிடிபட்ட விதம் சுவையானது. எலும்பை வளர்ப்பது பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்தான் என்று 1950களில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் சால்மன், வில்லியம் டாகடே என்ற இருவர் எலியின் குருத்தெலும்பைத் தனியே எடுத்து வைத்து அந்த ஹார்மோனை நேராகச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஹார்மோன் ஊசி போட்ட எலியின் ரத்தநீரைச் சேர்த்தபோதோ குருத்தெலும்பு சுறுசுறுப்பாக சல்ஃபேட்டை இழுத்துக்கொண்டது. ஹார்மோன் தானாக வேலை செய்வதில்லை, உடம்புக்குள் வேறு ஓர் ஆளை ஏவுகிறது என்பது 1957-இல் இப்படித்தான் தெரிய வந்தது. அந்த ஆள் யார் என்று முகம் பார்க்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1978-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் ரிண்டர்க்னெக்ட்டும் ஹும்பலும் அதன் 70 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். பார்த்தால் இன்சுலினுக்குப் பங்காளி போல இருந்தது. பெயரும் அப்படியே அமைந்துவிட்டது.

பிறந்து வளர்ந்தவர்களிடம் வளர்ச்சி ஹார்மோன் ஏவ, பெரும்பாலும் கல்லீரல்தான் இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. கருவில் கதை வேறு. அங்கே வளர்ச்சி ஹார்மோனுக்கு அதிகாரம் மிகக் குறைவு. நஞ்சுக்கொடி வழியாக வரும் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் குழந்தையின் இன்சுலினைத் தூண்டுகின்றன, இன்சுலின் ஐ.ஜி.எஃப்-1-ஐ உயர்த்துகிறது. அம்மாவின் உடம்பிலிருந்து சாப்பாடு இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும்வரை குழந்தையின் ரத்தத்தில் இந்தப் புரதமும் வாரத்துக்கு வாரம் ஏறும். கடைசி மூன்று மாதத்தில் ஏற்றம் இன்னும் அதிகம். போதாக்குறைக்குக் குழந்தை பனிக்குட நீரையும் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நீரிலும் வளர்ச்சிக் காரணிகள் உண்டு.

அந்தக் கடைசி மூன்று மாதத்தில் நடக்கும் வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 28 வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும் குழந்தை 40 வாரத்தில் மூன்று கிலோ ஆகிறது. 34 வாரத்தில்கூட அதன் மூளை நிறைமாதக் குழந்தையின் மூளையில் சுமார் 65 சதவீத எடைதான் இருக்கும். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு கடைசி ஆறு வாரத்து வேலை. மூளையின் புறணியில் உள்ள சாம்பல்நிறப் பகுதி 29-ஆம் வாரத்திலிருந்து 40-ஆம் வாரத்துக்குள் நான்கு மடங்கு பெருக்கிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ஏழு மாசத்துல பொறந்தா தங்கும், எட்டு மாசத்துல பொறந்தா தங்காது" என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை, பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றி ஹிப்போக்ரட்டஸ் மரபில் தனி நூலே உண்டு. இரண்டு நாகரிகம் சேர்ந்து சொன்னாலும் தப்பு தப்புதான். கூடுதலாக உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2020-இல் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள். எந்த நாட்டையும்விட இந்தியாவில்தான் அதிகம், சுமார் 30 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் 32 வாரம் தாண்டியவர்கள், கொஞ்சம் கவனித்தால் தேறிவிடுவார்கள். நான் பேசிக்கொண்டிருப்பது அதற்கும் முன்னால், 24, 26, 28 வாரங்களில் வெளியே வந்துவிடும் குழந்தைகளைப் பற்றி.

தொப்புள்கொடியை வெட்டியதும் அந்தக் குழந்தைக்கு நுரையீரல் பிரச்சினை வரும், தொற்று வரும், உடம்புச் சூடு நிற்காது. இவையெல்லாம் உடனே தெரிபவை, மருத்துவர்கள் உடனே இறங்கி வேலை செய்கிறார்கள். சத்தமில்லாமல் இன்னொன்றும் நடக்கிறது. ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 மளமளவென்று சரிந்து, வாரக்கணக்கில் தரையோடு கிடக்கிறது. அதே வயதில் கருவுக்குள் இருக்கும் குழந்தையிடம் அது ஏறிக்கொண்டிருக்கும். ஒரே வயதுள்ள இரு குழந்தைகளுக்கிடையே ஒவ்வொரு வாரமும் இந்த இடைவெளி அகலும்.

சாப்பாட்டைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டுக்கொண்டேன். சிரை வழியே சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் முதல் நாளிலிருந்தே ஏற்றுகிறார்கள். ஆனால் கர்ப்பக் கணக்கில் சுமார் 30 வார வயது வரும்வரை, எவ்வளவு ஊட்டினாலும் ஐ.ஜி.எஃப்-1 அவ்வளவாக அசைவதில்லை என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். தொற்றும் அழற்சியும் அதை மேலும் அமுக்குகின்றன, ஸ்டெராய்டு மருந்தும் அமுக்குகிறது. அந்த வயதுக் கல்லீரலுக்கு நஞ்சுக்கொடியின் ஓயாத ஓட்டம்தான் பழக்கம். குழாய் வழியாக வரும் ஊட்டம் அதற்கு ஈடாகவில்லை.

இந்தக் குறைவு என்னென்ன செய்கிறது என்பது முதலில் தெளிவாகப் புரிந்தது கண்ணில்தான். அதற்கு ஒரு நீண்ட, வேதனையான முன்கதை இருக்கிறது.

1942-இல் பாஸ்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னால் வெண்ணிறத் திசு படர்ந்து பார்வை போவதை எழுதிவைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் அது கொள்ளைநோய் போலப் பரவியது. சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1950-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த ஒரு குழந்தையும் அவர்களில் ஒருவர். பின்னாளில் உலகம் அவரை ஸ்டீவி வொண்டர் என்று அறிந்தது. வினோதம் என்னவென்றால், நல்ல வசதியுள்ள, புது இன்குபேட்டர் வாங்கிய மருத்துவமனைகளில்தான் நோய் அதிகம். ஏழை மருத்துவமனைகளில் குறைவு. 1951-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் ஆக்சிஜன்மேல் சந்தேகத்தை எழுப்பினார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் பாதிக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, குழந்தைகள் மூச்சுத் திணறிவிடுமே என்று பயந்த செவிலியர்கள் இரவில் வால்வைத் திறந்து விட்டதாகச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1954-இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை சந்தேகத்தை உறுதிசெய்தது. கணக்கில்லாமல் கொடுத்த ஆக்சிஜன்தான் காரணம்.

உடனே உலகம் முழுக்க ஆக்சிஜனைக் குறைத்தார்கள். குருட்டுத்தன்மை குறைந்தது. கொஞ்ச காலம் கழித்துத்தான் மறுபக்கம் தெரிந்தது. ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்றிய இடத்தில் சுமார் 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம் என்று பிரிட்டனின் கென்னத் கிராஸ் 1973-இல் கணக்கிட்டார். இந்த இழுபறி இன்னும் முழுதாகத் தீரவில்லை. 2010-க்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளில் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்தால் கண் நோய் குறைகிறது, இறப்பு கூடுகிறது என்றே தெரிந்தது. அதனால் இப்போது 90-க்கும் 95-க்கும் இடையில் வைக்கிறார்கள்.

ஆக்சிஜனை இவ்வளவு நுணுக்கமாக அளந்து கொடுத்த பிறகும் மிகச் சிறிய குழந்தைகளுக்கு அந்த நோய் வந்துகொண்டேதான் இருந்தது. வேறு ஏதோ ஒன்றும் கூட்டுச் சேர்ந்திருக்க வேண்டும்.

அதைப் புரிந்துகொள்ள விழித்திரையின் பாசனத்தைப் பார்க்க வேண்டும். கருவில் சுமார் 16-ஆம் வாரத்தில் கண் நரம்பு நுழையும் நடுப்புள்ளியிலிருந்து ரத்தக்குழாய்கள் கிளம்புகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைமடை நோக்கிப் போவதைப்போல, விளிம்பை நோக்கி மெல்ல ஊர்கின்றன. மூக்குப் பக்க விளிம்பை 36-ஆம் வாரவாக்கில் எட்டும். காதுப் பக்கக் கடைமடைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 40 வாரம் ஆகும். 26 வாரத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் வெளிவட்டம் முழுக்க வறண்ட நிலம்.

வறண்ட இடம் சும்மா இருக்காது. "எனக்குத் தண்ணீர் இல்லை" என்று அது வேதியியல் குரல் எழுப்பும். அந்தக் குரல் எதுவாக இருந்தாலும் திசுவுக்குள் கரைந்து பரவும் ஒரு பொருளாகத்தான் இருக்கும் என்று 1948-இலேயே ஐசக் மைக்கேல்சன் ஊகித்திருந்தார். நாற்பதாண்டு கழித்து 1989-இல் நெப்போலியோனே ஃபெராராவின் குழு அதைப் பிரித்தெடுத்தது. ரத்தக்குழாய்ச் சுவர் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக வி.இ.ஜி.எஃப். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது சுரக்கும், ரத்தக்குழாய்கள் அந்த வாசனை பிடித்து அந்தத் திசையில் வளரும். கருவில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு, ஆகவே குரல் அளவாக எழுந்துகொண்டே இருக்கும். குழந்தை வெளியே வந்து ஆக்சிஜன் கூடியதும் குரல் அடங்குகிறது, குழாய்களும் நின்றுவிடுகின்றன. ஆக்சிஜன் செய்த தீங்கு இதுதான்.

இரண்டாவது கூட்டாளியைப் பற்றிய துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1953-இல் டென்மார்க்கின் பவுல்சன் என்ற மருத்துவர் நீரிழிவு நோயாளியான ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் அவருடைய பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்துபோனது. நீரிழிவால் அவருடைய விழித்திரையில் ஏற்பட்டிருந்த கோளாறு, அதன் பிறகு தானாகவே ஆறிவிட்டது. விழித்திரைக் குழாய்களுக்கும் பிட்யூட்டரிக்கும் ஏதோ தொடர்பு இருப்பது அப்போதே தெரிந்தது. லேசர் வருவதற்கு முன்பு நீரிழிவுக் கண்நோய்க்காகப் பிட்யூட்டரியையே அகற்றும் சிகிச்சைகூட நடந்திருக்கிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் லோயிஸ் ஸ்மித் இந்தப் பழைய நூலைப் பிடித்துக்கொண்டு எலிகளிடம் போனார். வளர்ச்சி ஹார்மோனை முடக்கிய எலிகளின் கண்ணில் கெட்ட ரத்தக்குழாய்கள் குறைவாகவே முளைத்தன என்று 1997-இல் காட்டினார். அந்த எலிகளிலும் வி.இ.ஜி.எஃப் குறையவில்லை என்பதுதான் விசேஷம். குரல் முழுதாக ஒலித்தும் குழாய்கள் கேட்கவில்லை. 1999-இல் அவர் குழு காரணத்தைச் சொன்னது: கேட்பதற்கு அனுமதி தேவை, அந்த அனுமதிதான் ஐ.ஜி.எஃப்-1.

அதே சமயத்தில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஆன் ஹெல்ஸ்ட்ரம் என்ற கண் மருத்துவர் குழந்தைகளிடம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறவியிலேயே ஐ.ஜி.எஃப்-1 குறைந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் அடர்த்தி குறைவாக இருப்பதை அவர் கண்டார். இருவரும் கைகோத்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை, குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் இந்தப் புரதம் எவ்வளவு நாள் கீழே கிடக்கிறதோ அதற்கேற்பக் கண் நோயும் வருவதைக் காட்டியது. 2003-இல் 84 குழந்தைகளை வாரா வாரம் பின்தொடர்ந்த ஆய்வு இன்னும் கூர்மையாகப் பேசியது. 30 முதல் 33 வார வயதில் ஐ.ஜி.எஃப்-1 லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தால், கடுமையான கண் நோய் வரும் ஆபத்து 45 சதவீதம் குறைவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண் மட்டும் இல்லை, மூளைக்குள் ரத்தக்கசிவு, நுரையீரல் நாள்பட்ட நோய், குடல் அழுகல் இவற்றோடும் அந்தக் குறைவு சேர்ந்தே வந்தது. பின்னர் தெற்கு ஸ்வீடனில் நடந்த ஸ்கேன் ஆய்வு, பிறந்த முதல் வாரங்களில் ஐ.ஜி.எஃப்-1 குறைந்திருந்த குழந்தைகளின் மூளை, நிறைமாத வயதை எட்டும்போது சிறியதாக இருந்ததைக் காட்டியது.

இப்போது பாசனக் கதையை முடிக்கலாம். முதல் கட்டத்தில், அதாவது பிறந்த முதல் வாரங்களில், குரலும் இல்லை, அனுமதியும் இல்லை. குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன. 32 வார வயதைத் தாண்டியதும் விழித்திரை வளர்ந்து சுறுசுறுப்பாகிறது, அதன் பசி கூடுகிறது, கடைமடையோ இன்னும் வறண்டிருக்கிறது. வி.இ.ஜி.எஃப் கூக்குரலாக மாறுகிறது. அந்த நேரத்தில், தாமதமாகத் தேறிவரும் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1-ஐ ஏற்றத் தொடங்குகிறது. அனுமதி கிடைத்துவிட்டது. தேங்கி நின்ற அத்தனையும் ஒரே நேரத்தில் பாய, வாய்க்கால் கரை உடைகிறது. குழாய்கள் விழித்திரையோடு ஒழுங்காக ஓடாமல் கண்ணின் உட்பக்கம் காடுபோல முளைத்து, தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுகின்றன. முதல் கட்டத்தில் இல்லாமல் குழந்தையைக் கெடுத்த அதே பொருள், இரண்டாம் கட்டத்தில் வந்து கெடுக்கிறது.

ஐ.ஜி.எஃப்-1-ஐ வாரந்தோறும் அளந்தால் யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் அல்லவா? சொல்லலாம்தான். ஆனால் 845 கிராம் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமும் ஒரு சின்ன டீ கிளாஸுக்குள் அடங்கிவிடும். சோதனைக்கென்று எடுக்கும் ஒவ்வொரு மில்லி லிட்டரும் அதிலிருந்துதான். 2006-இல் கோதன்பர்க் குழு வின்ராப் என்ற கணிப்பு முறையை வெளியிட்டபோது வாராந்திர எடையோடு ரத்தச் சோதனையையும் சேர்த்திருந்தார்கள். பிறகு எண்களை அலசிப் பார்த்தால், ரத்தம் சொல்வதைத் தராசே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஐ.ஜி.எஃப்-1 குறைந்த வாரத்தில் எடை ஏறவில்லை, எடை ஏறாத வாரத்தில் ஐ.ஜி.எஃப்-1 குறைவு. 2009-இல் ரத்தச் சோதனையை விட்டுவிட்டு எடையை மட்டும் வைத்தே கணித்தார்கள். ஸ்வீடன் குழந்தைகளில் சிகிச்சை தேவைப்படப் போகிறவர்களில் ஏறத்தாழ அனைவரையும், நோய் தலைகாட்டுவதற்குப் பல வாரம் முன்பே அது காட்டிக்கொடுத்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், செவிலியர் காலையில் எழுதிவைக்கும் அந்த எண் போதும். அறிவியலில் எனக்குப் பிடித்த தருணங்கள் இப்படிப்பட்டவை.

அதே முறையை மெக்சிகோவில் வைத்துப் பார்த்தார்கள். 32 வாரத்துக்குள் பிறந்தவர்களில் நூற்றுக்கு 85 பேரைப் பிடித்தது. 32 வாரத்துக்குப் பின் பிறந்தவர்களிலோ பெரும்பாலோரைத் தவறவிட்டது. ஸ்வீடனில் 32 வாரக் குழந்தைக்குக் கடுமையான கண் நோய் வருவது மிக அபூர்வம், அதனால் அந்தக் குறை அங்கே வெளிப்படவே இல்லை. மெக்சிகோ, இந்தியா போன்ற நாடுகளில் 1,500 கிராமைத் தாண்டிய, பார்க்க ஓரளவு தேறிய குழந்தைகளும் பார்வை இழக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளில் காற்றோடு கலக்காத நூறு சதவீத ஆக்சிஜன் போவதும், செறிவு சரியாகக் கண்காணிக்கப்படாததும் இதற்கு முக்கியக் காரணங்கள். 1940களில் பாஸ்டனில் நடந்தது வேறு உருவில் இங்கே நடக்கிறது. எடை கொஞ்சம் நன்றாகவே ஏறினாலும் ஆக்சிஜன் தனியாக வேலையைக் காட்டிவிடும்.

சரி, குறைவது எதுவென்று தெரிந்துவிட்டது, அதையே கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்வீடனின் டேவிட் லே தலைமையில் பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. 23 வாரம் முதல் 28 வாரத்துக்குள் பிறந்த 121 குழந்தைகள். 61 பேருக்கு ஐ.ஜி.எஃப்-1-ஐ அதன் துணைப் புரதத்தோடு சேர்த்து, 30 வார வயது நெருங்கும்வரை சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கருவில் இருந்திருந்தால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு ரத்தத்தில் நிறுத்துவது நோக்கம். இந்தப் புரதம் குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் தங்குவதே இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் பாதி காணாமல் போகும். பெரியவர்களிடம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் துணைப் புரதங்கள் இவர்களிடம் குறைவு. 61 பேரில் 24 பேரிடம் மட்டுமே நினைத்த அளவு நினைத்த காலத்துக்கு நின்றது.

கண் நோய் குறையவில்லை. எதற்காகச் சோதனை நடந்ததோ அதில் தோல்வி. ஆனால் யாரும் முதன்மையாக எதிர்பார்க்காத இடத்தில் ஒரு வெளிச்சம்: கடுமையான நாள்பட்ட நுரையீரல் நோய் மற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கு வந்தபோது, புரதம் பெற்றவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதை வைத்துக் கொடி பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு சோதனை முன்கூட்டியே அறிவித்த முதன்மை இலக்கில் தோற்று வேறொன்றில் வென்றால், அந்த வெற்றியைத் தனியாக இன்னொரு சோதனையில் நிரூபித்தாக வேண்டும். வளர்ச்சிக் காரணிகளின் வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின், விலங்குகளில் மூளையை அழகாகக் காத்தது. 941 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த சோதனை 2020-இல் முடிந்தபோது, இறப்பிலோ கடுமையான வளர்ச்சிக் குறைபாட்டிலோ எந்த வித்தியாசமும் இல்லை.

எதிர்ப்பக்கச் சிகிச்சையிலும் இதே தர்மசங்கடம். இரண்டாம் கட்டத்தில் வி.இ.ஜி.எஃப்-இன் கூக்குரலை அடக்க இப்போது கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற மருந்துகள். லேசரைப்போல விழித்திரையின் விளிம்பைச் சுட்டுப் பொசுக்க வேண்டியதில்லை. ஆனால் பெவாசிசுமாப் கண்ணோடு நிற்காமல் ரத்தத்தில் கசிந்து, வாரக்கணக்கில் உடம்பு முழுக்க அந்தக் காரணியை அமுக்குகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் அதே காரணி தேவை. கண்ணுக்காகப் போட்ட ஊசிக்கு அவை என்ன விலை கொடுக்கும் என்று மருத்துவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவு நுட்பமான ஆராய்ச்சிக்கு நடுவில், நன்றாக வேலை செய்தவை சாதாரண விஷயங்களாக இருப்பது ஆச்சரியம். கருவில் நஞ்சுக்கொடி வழியாக வரும் இரண்டு கொழுப்பு அமிலங்கள், டி.எச்.ஏ-வும் அராக்கிடோனிக் அமிலமும், பிறந்ததும் நின்றுவிடுகின்றன. அவற்றை ஊட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த ஹெல்ஸ்ட்ரம் குழுவின் சோதனையில் கடுமையான கண் நோய் 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகப் பாதியானது. 206 குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனை அது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2009-இல் மென்மையாக உடம்பைத் தடவி விட்ட குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 கூடியதையும், பார்வைக் கூர்மை விரைந்து முதிர்ந்ததையும் கண்டார்கள். சின்ன ஆய்வுதான். நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்துக் கை கால் நீவி விடுவதை நினைத்துச் சிலர் மீசையை முறுக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் ஒரு கிலோக் குழந்தையின் தோல் நனைந்த காகிதம் போன்றது, அதற்குப் பாட்டியின் கைவேகம் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாயின் நெஞ்சோடு தோல் படப் போட்டுக்கொள்ளும் கங்காரு முறை வளர்ச்சிக் காரணிக்காக உருவானதல்ல, கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் 1970களின் இறுதியில் தொடங்கியது. பிறந்த உடனேயே அப்படிப் போட்டால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த சோதனை 2021-இல் காட்டியது.

எடையை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்ற வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் ஆலன் லூகஸ் குழு, சத்து கூடிய பால்மாவு பெற்ற குறைமாதக் குழந்தைகள், முக்கியமாகப் பையன்கள், எட்டு வயதில் அறிவுத் தேர்வில் முன்னே நிற்பதைக் கண்டது. அதே குழந்தைகள் பதின்ம வயதுக்கு வந்தபோது, சத்து கூடிய மாவு பெற்றவர்களிடமே இன்சுலின் எதிர்ப்புக்கான அறிகுறி அதிகம் தெரிந்தது. மூளைக்கு நல்லது, கணையத்துக்கு அவ்வளவு நல்லதில்லை. குறைமாதக் குழந்தைக்கு மூளைதான் முதலில் என்று பெரும்பாலான மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கொழுகொழுவென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்று உறவினர்கள் நெருக்குவது மட்டும் தேவையில்லாதது.

நம் நாட்டு விதிமுறைப்படி 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்னதாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையின் விளிம்புவரை பார்ப்பார்கள். குழந்தை வீறிடும், அம்மா அழுவார், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நோய் முற்றத் தொடங்கியது தெரிந்தால் சிகிச்சைக்கு இரண்டு மூன்று நாள்தான் அவகாசம்.

இந்த 30 நாள் கணக்கு எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது 33 வார வயது. கல்லீரல் விழித்துக்கொண்டு ஐ.ஜி.எஃப்-1 ஏறும் நேரம். தராசில் நாளுக்கு 20, 25 கிராம் என்று ஏறுகிறது. வார்டில் எல்லாருக்கும் முகம் மலர்கிறது, பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாயிற்று, அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் கண் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதி எழுதியிருக்கிறது. "புள்ளதான் நல்லா எடை ஏறிடுச்சே, அவ்வளவு தூரம் மறுபடி எதுக்கு பஸ் ஏறணும்" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பாதி வழியில் நின்ற குழாய்களுக்கு அனுமதி கிடைப்பது அந்த எடை ஏறும் வாரத்தில்தான்.